நடைக்கு மூன்றடி உள்ளே

கைப்பிள்ளையை வீட்டிலேயே நல்லதாக நாலு படம் எடுக்கணும் என்று நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது "எந்த கேமரா வாங்கலாம்?" என்று. அடுத்தது "லைட்டு, குடை எல்லாம் வேணுமா?" பிள்ளையை எங்கே உட்கார வைக்கணும் என்று கேட்கிறவர்கள் குறைவு. படத்தின் முக்கால் பங்கு அந்த இடத்தில்தான் இருக்கிறது. நம்ம திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் அது அநேகமாக வாசல்நடைக்கு மூன்றடி உள்ளே.

டவுனில் வளவு வீடுகளையோ கல்லிடைக்குறிச்சி அக்ரகார வீடுகளையோ எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியிருக்கும், பக்கவாட்டில் ஜன்னலே கிடையாது. புது வீடுகளில் ஜன்னல் உண்டு. ஆனால் மேலே சன்ஷேட், குறுக்கே கம்பி, அதற்கு மேல் கொசுவலை. கொசுவலையில் தூசி படிந்திருந்தால் வெளிச்சத்தில் பாதியை அதுவே தின்றுவிடும். வாசல் கதவு அப்படியில்லை. மூன்றரை அடி அகலம், ஏழடி உயரம், தடுப்பு ஒன்றும் கிடையாது. வெளிச்சம் வருகிற வாய் எவ்வளவு பெரிதோ, பிள்ளை அதற்கு எவ்வளவு பக்கமோ, முகத்தில் நிழல் அவ்வளவு மெத்தென்று விழும். ஸ்டுடியோவில் குடை விரித்துச் செய்வதும் இதைத்தான்.

நிலைப்படியிலேயே உட்கார வைத்தால் ஆச்சி சத்தம் போடுவாள். வெளிச்சக் கணக்கிலும் ஆச்சி சொல்வதுதான் சரி. படியில் உட்கார்ந்தால் வானம் நேர் மேலே நிற்கும், புருவ நிழல் கண்ணுக்குள் இறங்கிக் கண் இரண்டும் குழி விழுந்த மாதிரி தெரியும். மூன்றடி உள்ளே தள்ளினால் மேலிருந்து வருகிற வெளிச்சத்தை நிலையின் மேல்கட்டை வெட்டிவிடுகிறது, எதிரிலிருந்து வருவது மட்டும் மிஞ்சுகிறது. பின்னால் இருக்கிற பட்டாசாலை (கூடம்) தானாக இருட்டி நல்ல பின்புலமாகிவிடும். ஆறேழு அடிக்கு மேல் உள்ளே போனால் வெளிச்சம் பாதிக்குப் பாதி குறைந்துகொண்டே போகும், நிழலும் கெட்டியாகிவிடும்.

இடம் சரியா என்று பார்க்க மீட்டர் வேண்டாம். பிள்ளையின் கருவிழிக்குள் பாருங்கள். வெள்ளையாக, நீளவாக்கில் ஒரு சின்னக் கதவு தெரிய வேண்டும். கடிகாரமாக நினைத்தால் அது பத்து மணி பக்கத்திலோ இரண்டு மணி பக்கத்திலோ இருந்தால் உத்தமம். நட்டநடுவில் இருந்தால் முகம் தட்டையாக வரும், பிள்ளையைக் கொஞ்சம் திருப்பணும். கதவே தெரியவில்லையென்றால் எவ்வளவு சிரித்தாலும் கண் செத்துப்போய்த்தான் இருக்கும். கதவோடு சேர்த்து மேலே ஒரு வெள்ளைக் கோடும் தெரிந்தால், யாரோ டியூப்லைட்டை அணைக்க மறந்துவிட்டார்கள்.

அந்த லைட்டை அணைத்தே ஆகவேண்டும். ஒரு காரணம் நிறம்: வாசல் வெளிச்சம் ஒரு நிறம், பல்பு வேறு நிறம், ஒரு கன்னம் நீலம் பாய்ந்தும் மறு கன்னம் மஞ்சள் பூத்தும் வரும். பிறகு எந்த ஆப்பில் போட்டுத் தேய்த்தாலும் இரண்டையும் சேர்த்துச் சரிபண்ண முடியாது. இன்னொன்று துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் எரிகிற பழைய டியூப்லைட்டும் மலிவு எல்இடியும் நொடிக்கு நூறு தடவை மங்கித் தெளிகின்றன. ஷட்டர், அதாவது படம் பதிகிற நேரம், 1/50, 1/100 நொடி என்று இருந்தால் தெரியாது. பிள்ளைக்காக 1/250க்கு ஏற்றினீர்களோ, படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக இருட்டு ஓடும். கேமரா ரிப்பேர் என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

எடுக்கிறவர் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிற தப்பு. அவர் முதுகுதான் பிள்ளை முகத்துக்கு நிழல். நிலைக்காலில் ஒரு தோளைச் சாய்த்து ஒதுங்கி உட்காருங்கள், அல்லது வெளியே திண்ணையோரம் குப்புறப் படுத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் பிள்ளையின் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். நின்றபடி கீழே பார்த்து எடுத்தால் தலை பெரிதாகவும் கால் சூம்பியும் வரும். வேடிக்கை பார்க்க வந்த அத்தை, சித்தி, எதிர்வீட்டுக்காரர் எல்லோரையும் உள்ளே அனுப்பிவிடுங்கள். வாசலில் நாலு பேர் நின்றால் வெளிச்சமும் போச்சு, பிள்ளையின் கவனமும் போச்சு.

கிழக்கே பார்த்த வீடென்றால் காலை ஒன்பதரை, பத்து வரை வெயில் நேராக உள்ளே விழும். அந்த நேரம் வேண்டாம். கண் சுருங்கும், நெற்றி வெளுத்துப்போகும். பிற்பகல் மூன்று, நாலு மணிக்குப் பாருங்கள். சூரியன் நம் வீட்டுக்குப் பின்னால் போயிருக்கும், ஆனால் தெருவுக்கு எதிர்ச்சாரி வீட்டு முகப்பில் முழு வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சுவர் வெள்ளையாக இருந்தால் தெருவகலத்துக்கு ஒரு ரிஃப்ளெக்டர் சும்மா கிடைத்த மாதிரி. மேற்கே பார்த்த வீட்டுக்கு இதே கணக்கு காலையில். எதிர்வீட்டுக்காரர் கிளிப்பச்சை அடித்திருந்தால் அது நம் கொடுப்பினை. பிள்ளைக்கும் பச்சை ஏறும், அன்றைக்கு முற்றத்துப் பக்கம் போய்விடலாம்.

முற்றத்தில் நடுவே உட்கார வைக்கக் கூடாது. அங்கேயும் மேல்வெளிச்சம்தான், உச்சிவேளையில் மேலே போட்ட கம்பியின் நிழல் வேறு முகத்தில் கட்டம் போடும். முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில், கூரைக்குக் கீழே, முற்றத்தைப் பார்த்து உட்கார வைத்தால் அதுவும் ஒரு வாசல்நடைதான்.

ஜன்னலில்தான் எடுப்பேன் என்றால் ஒரு விஷயம். போட்டோகிராஃபி பாடங்களில் 'வடக்கு ஜன்னலைத் தேடு, அதில் நேர் வெயில் வராது' என்று இருக்கும். குளிர்நாட்டுக்காரர்களுக்கு அது சரி. திருநெல்வேலி இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே 8.7 பாகையில். சித்திரை பிறக்கிற சமயத்தில், ஏப்ரல் 12, 13 வாக்கில், உச்சிச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, அதைத் தாண்டி வடக்கே போய்விடுகிறது. திரும்பி வருவது ஆகஸ்ட் கடைசியில். இடைப்பட்ட நாலரை மாதமும் வெயில் முழுக்க வடக்குச் சுவரில்தான். ஆனி மாதத்தில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து 24 பாகை வடக்கே தள்ளி உதிக்கிறது, காலையும் மாலையும் வடக்கு ஜன்னலில் சாய்வெயில் எட்டிப்பார்க்கும். ஆகவே சித்திரையிலிருந்து ஆவணி நடுப்பகுதி வரை தெற்கு ஜன்னல், புரட்டாசி முதல் பங்குனி வரை வடக்கு ஜன்னல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் விழுகிற ஜன்னல்தான் இருக்கிறது, வேறு வழியில்லை என்றால் நாலு முழ வேட்டியை ஒற்றையாக விரித்துக் கம்பியில் கட்டுங்கள். சுமார் ஒரு ஸ்டாப், அதாவது பாதி, வெளிச்சம் குறையும், ஜன்னல் முழுவதும் ஒரே வெள்ளைப் பரப்பாகிவிடும். பழுப்பேறிய வேட்டி மஞ்சள் கொடுக்கும், நீலம் தூக்கலாகப் போட்டது நீலம் கொடுக்கும், துவைத்த வெள்ளைதான் சரி. கரையை வெளியே மடக்கிவிடுங்கள். ஆடிக்காற்றில் வேட்டி பாய்மரமாகிப் பிள்ளையைப் பயமுறுத்தும் என்பதால் நாலு மூலைக்கும் துணி கிளிப் போடணும். ஆனி, ஆடியில் இன்னொரு தொல்லை ஓடுமேகம். அரை நிமிடத்தில் வெளிச்சம் இரண்டு ஸ்டாப் ஏறி இறங்கும். அந்த மாதங்களில் எல்லாவற்றையும் மேனுவலில் பூட்டி வைக்காமல் ஐஎஸ்ஓவையாவது (கேமரா வெளிச்சத்தை உணர்கிற அளவு) ஆட்டோவில் விட்டுவிடுங்கள்.

நிழல் பக்கக் கன்னம் ரொம்ப இருட்டினால் அந்தப் பக்கம் ஒரு தெர்மகோல் அட்டை, முகத்துக்கு இரண்டடி தள்ளி. அது போதும். அம்மாவே வெள்ளை நைட்டியோ வெள்ளைத் துப்பட்டாவோ போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் உட்கார்ந்தால் தெர்மகோலும் வேண்டாம். பிள்ளைக்குத் தைரியம், படத்துக்கு வெளிச்சம்.

தரையையும் மறக்க வேண்டாம். பழைய வீட்டுச் சிவப்பு சிமெண்டுத் தரை தாடைக்குக் கீழே சிவப்பை ஏற்றும், டைல்ஸ் தரை வாசலைத் திருப்பிக் காட்டும். மேலே ஒரு பாய் விரித்தால் இரண்டும் அடங்கும். சாயம் போடாத பத்தமடைக் கோரைப்பாய் இதற்கென்றே செய்தது போல இருக்கும். அதன் மங்கிய வைக்கோல் நிறம் முகத்துக்கு லேசான சூடு கொடுக்கும், மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அது நன்றாகப் பொருந்தும். பிளாஸ்டிக் பாய் வேண்டாம், பளபளக்கும்.

கேமராக் கணக்கு

கையில் இருப்பது போனென்றால், ஒன்றரை அடிக்குள் நீட்டி எடுக்காதீர்கள். போனின் மெயின் லென்ஸ் அகலக் கோணம், பக்கத்தில் போனால் மூக்கும் நெற்றியும் புடைத்துக் காது காணாமல் போகும். நாலடி தள்ளி உட்கார்ந்து 2எக்ஸ் ஜூம் வைத்து எடுங்கள். முகத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும், பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுத்துவிடலாம். பின்புலத்தை மங்கலாக்குகிற போர்ட்ரெய்ட் மோடு தூங்குகிற பிள்ளைக்குச் சரி, ஆடுகிற பிள்ளைக்கு ஆகாது. விரலுக்கு நடுவே மங்கலாக்காமல் விட்டுவிடும், காதோர முடியைத் தின்றுவிடும். நைட் மோடு வேண்டவே வேண்டாம். அது பல படங்களை எடுத்து ஒட்டுகிற வித்தை, அசைந்த கை மூன்று கையாக வரும்.

கேமரா என்றால் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று போதும் (எஃப் என்பது லென்ஸ் வாயின் திறப்பு, எண் குறைந்தால் திறப்பு பெரிது). நிக்கான் டி3500, டி5600 போன்ற கேமரா உடல்களில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. தனக்கென்று மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவிட்டால் கையால்தான் திருக வேண்டும், தவழுகிற பிள்ளைக்கு அது நடக்காத காரியம். 1.8 இருக்கிறதே என்று 1.8லேயே எடுக்கவும் கூடாது. சின்ன சென்சார் கேமராவில் ஒரு மீட்டர் தூரத்தில் எஃப் 1.8 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர்தான். உட்காரப் பழகுகிற ஏழு மாதப் பிள்ளை முன்னும் பின்னும் ஆடுவதே அதைவிட அதிகம். கண்ணில் வைத்த ஃபோகஸ் காதுக்குப் போய்விடும். எஃப் 2.8 என்றால் நாலரை சென்டிமீட்டர், 4 என்றால் ஆறு சொச்சம். 2.8க்கும் 4க்கும் நடுவில் நில்லுங்கள், பக்கமாக இருக்கிற கண்ணில் ஃபோகஸ் வையுங்கள்.

ஷட்டர்: தூங்கினால் 1/125, உட்கார்ந்திருந்தால் 1/250, தவழ ஆரம்பித்துவிட்டால் 1/400, குதிக்கிற வயசுக்கு 1/500க்கு மேல். வாசலுக்கு மூன்றடி உள்ளே, எஃப் 2.8, 1/250 என்றால் ஐஎஸ்ஓ 800 போல வரும். 1600, 3200 என்று ஏறினாலும் பயப்பட வேண்டாம். ஐஎஸ்ஓவைக் குறைத்து இருட்டாக எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் தூக்கினால் படத்தில் பொடிப்புள்ளி இன்னும் மோசமாகக் கிளம்பும். பொடிப்புள்ளியோடு கூர்மையாக இருக்கிற படத்தை ஆல்பத்தில் போடலாம். அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

நிறம் பற்றிக் கொஞ்சம் உரக்கவே சொல்ல வேண்டியிருக்கிறது. போனில் 'பியூட்டி' என்று இருப்பதை முதலில் அணையுங்கள். கறுத்த பிள்ளையை வெளுப்பாக்கிக் கொடுப்பது போட்டோகிராஃபி இல்லை, பிள்ளைக்குச் செய்கிற அவமரியாதை. கறுப்பு நிறத்தில் வெளிச்சம் விழுந்தால் நெற்றியிலும் கன்ன மேட்டிலும் ஒரு மினுக்கம் வரும். அந்த மினுக்கம் வெளிறிப்போகாமல் காப்பாற்றினால் போதும், மற்றது தானாக அழகாக வரும். கேமராவின் மீட்டர் இதில் ஏமாறும். வெள்ளைச் சுவர் பின்னால் இருந்தால் படத்தை இருட்டடிக்கும், இருட்டுப் பட்டாசாலை பின்னால் இருந்தால் முகத்தைச் சுண்ணாம்பாக்கும். வாசல்நடைப் படத்தில் நடப்பது இரண்டாவது. கேமராவில் +/- என்று இருக்கிற எக்ஸ்போஷர் அளவை மைனஸ் முக்காலிலிருந்து மைனஸ் ஒன்றுவரை இறக்கிப் பாருங்கள்.

பவுடரும் இதே கதைதான். குளிப்பாட்டி, முகமெல்லாம் வெள்ளையாக அப்பிக் கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். நேரில் மணக்கும், படத்தில் சாம்பல் பூசிய மாதிரி இருக்கும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிடச் சொல்லுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்திருந்தால் வகிட்டில் வெள்ளைத் திட்டு அடிக்கும். மொட்டை போட்ட தலையில் சந்தனம் காய்ந்து வெடித்து உதிர்வதற்கு முன்னால், பூசிய பத்து நிமிடத்துக்குள் எடுத்துவிடணும். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டு இருக்கட்டும். அழிக்கச் சொல்லாதீர்கள், கம்ப்யூட்டரிலும் அழிக்காதீர்கள். பிற்காலத்தில் அந்தப் பிள்ளை தேடப்போவது அதைத்தான். வெளிச்சம் விழுகிற கன்னத்தில் வைத்தால் கறுப்பு நன்றாக எடுபடும்.

துணி பழசானால் நல்லது. புதுப் பட்டுப்பாவாடையில் ஜரிகை கழுத்தில் குத்தும், பிள்ளை ஐந்து நிமிடத்தில் அழும். அடர் சிவப்பு துணி கேமராவில் மடிப்பு தெரியாமல் அப்பிவிடும், தாடையிலும் சிவப்பைத் தெறிக்கும். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்திச் சட்டை, அல்லது வெறும் உடம்போடு அரைஞாண் கயிறும் தண்டையும். அப்படி எடுத்ததை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட வேண்டாம், வீட்டு ஆல்பத்தோடு இருக்கட்டும்.

பிள்ளையின் நேரம்

நல்ல வெளிச்சம் நாலு மணிக்கு, பிள்ளை தூங்குவதும் நாலு மணிக்கு என்றால் பிள்ளையின் நேரம்தான் கணக்கு. தூங்கி எழுந்து, பால் குடித்து, ஏப்பம் விட்டு இருபது நிமிடம் ஆன பிறகு கிடைக்கிற கால்மணி நேரம்தான் உங்களுடையது. அதற்குள் எல்லாம் தயாராக இருக்க வேண்டும்: லைட் அணைத்து, பாய் விரித்து, தலையணையையோ சொம்பையோ பிள்ளை இடத்தில் வைத்துச் சோதனைப் படம் எடுத்துப் பார்த்து. ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத் தடுப்பூசிகளுக்கு அடுத்த இரண்டு நாள் காய்ச்சலும் சிணுங்கலும் இருக்கலாம், அதை விட்டுவிடுங்கள்.

மூன்று மாதத்துக்குள் என்றால் மல்லாக்கப் படுக்க வைத்து எடுப்பதோடு நிறுத்துங்கள். தலையை வாசல் பக்கம் வையுங்கள், கால் பக்கம் வேண்டாம். கால் பக்கமிருந்து வெளிச்சம் வந்தால் மூக்குத் துவாரத்துக்குள் ஏறி, நெற்றிப் பக்கம் மூக்கு நிழல் விழும். டார்ச்சைத் தாடைக்குக் கீழே பிடித்த மாதிரி. இரண்டு கையிலும் தாடையை ஊன்றித் தூங்குகிற மாதிரி இணையத்தில் வருகிற படங்கள், ஒரு கை பிடித்திருக்க இரண்டு படமாக எடுத்து ஒட்டியவை. பிள்ளையை அப்படி வளைக்கக் கூடாது. தாடை நெஞ்சில் ஒட்டினாலே மூச்சு தடைபடும். சொளவிலோ (முறம்) கடவப்பெட்டியிலோ (பனையோலைப் பெட்டி) வைப்பதானால் தரையில் வைத்து, பனைநார் விளிம்பில் துண்டைச் சுற்றி, ஒரு ஆள் கை எட்டுகிற தூரத்தில் இருந்தபடி. தூங்கும்போது எடுக்கக் கூடாது என்று ஆச்சி சொன்னால் தர்க்கம் பண்ணாதீர்கள், முழித்ததும் எடுத்துக்கொள்ளலாம். சாம்பிராணிப் புகையில் ஒளிக்கற்றை அழகாகத்தான் விழும். அதைப் பிள்ளை மூச்சில் இழுப்பது படத்துக்காக வேண்டாம்.

எளிதானது குப்புற விழுந்து தலை தூக்குகிற நாலைந்து மாதமும், உட்காருகிற ஏழெட்டு மாதமும். ஓடத் தெரியாது, சிரிக்கத் தெரியும். கஷ்டமானது ஒன்றரை வயது. "எய்யா இங்க பாரு, எய்யா இங்க பாரு" என்று ஐந்து பேர் ஐந்து பக்கமிருந்து கூப்பிட்டால் ஐந்து பக்கமும் பார்க்கும், கேமராவைத் தவிர. கூப்பிடுகிறவர் ஒருத்தர்தான், அவரும் எடுக்கிறவர் தலைக்கு ஒட்டினாற்போல் மேலே முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். டம்ளரில் சில்லறை போட்டு ஒரு குலுக்கு; பிள்ளை திரும்பும், வாய் லேசாகத் திறக்கும், அந்த ஒரு நொடியில் மூன்று நாலு படம் தட்டிவிடணும். நாலாவது குலுக்கலுக்குத் திரும்பாது. அதனால் முதல் குலுக்கலைச் சோதனைக்கு வீணாக்காதீர்கள். அம்பாசமுத்திரத்து மரச்செப்பு ஒன்றைக் கையில் கொடுத்தால் குனிந்து அதையே பார்க்கும். குனிந்த முகமும் நல்ல படம்தான், இமை தெரியும். பிறகு அதை வாங்கிக் கேமராவுக்கு மேலே காட்டினால் கண் கூடவே வரும். வாய்க்குள் முழுதாகப் போகிற சின்னச் செப்பைக் கொடுக்கக் கூடாது. இரண்டரை வயசுக்கு மேல் "சிரி" என்று சொன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு ஈ என்று காட்டும். "இந்தக் கண்ணாடிக்குள்ள ஒரு குட்டிப் பிள்ள இருக்கு, யாருன்னு பாரு" என்றால் லென்ஸுக்குள் எட்டிப்பார்க்கும். கண்ணில் கதவு பெரிதாக விழுவது அப்போதுதான்.

அழ ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள். அழுகையை ஒன்றிரண்டு எடுக்கலாம், அதற்காகப் பிள்ளையை அழவிடக் கூடாது.

எடுத்ததில் பத்துப் பதினைந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அன்றைக்கே அழித்துவிடுங்கள். வாட்ஸப்பில் அனுப்பினால் 'டாக்குமெண்ட்' என்று வைத்து அனுப்பணும், இல்லையென்றால் படம் சுருங்கிப் பிரிண்டில் குழைந்துவிடும். 4×6 பிரிண்டுக்கு 1800×1200 பிக்செல் போதும், 8×12க்கு 3600×2400. சட்டம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே அட்டை மவுண்ட் வைக்கச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது முகம் கண்ணாடிப் பக்கம் போய்விடும். பின்பக்கம் பால்பாயிண்டால் எழுதினால் அழுத்தம் முன்பக்கம் தடமாக எழும். பெயர், தேதி, எத்தனை மாசம் என்பதை மவுண்ட் அட்டையின் பின்னால் எழுதிவிட்டுப் பிறகு படத்தை ஒட்டச் சொல்லுங்கள்.